குஞ்சர் உண்ட வடச்சோறு

‘குஞ்சர்’ தனது பணிக்காலம் முழுவதிலும் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. சுடுவதற்கு அதனிடம் பீரங்கி இல்லை. கடற்படையின் ஆழ்கடல் இழுவைக் கப்பலாக 1974ஆம் ஆண்டு கல்கத்தாவில் பணியில் சேர்ந்த நாள்முதல் அது செய்தது ஒரே வேலைதான்: தானாக நகர முடியாததைக் கட்டி இழுப்பது. இயந்திரம் நின்றுபோன நீர்மூழ்கி ஒன்றை அந்தமானிலிருந்து விசாகப்பட்டினம்வரை ஒன்பது நாள் இழுத்து வந்தது. ஒரிசாக் கரையில் மணலேறிக் கிடந்த சரக்குக் கப்பலுக்காக இரண்டு பௌர்ணமிகள் காத்திருந்து, மூன்றாம் பௌர்ணமியின் நீரேற்றத்தில் உருவி எடுத்தது. ஆயுள் முடிந்த கப்பல்களை உடைக்கும் துறைவரை கொண்டுபோய் விட்டது. போர்க்கப்பல்கள் குறிபார்த்துப் பழகும் நாட்களில் இலக்குத் தெப்பத்தை இழுத்துக்கொண்டு முன்னால் போவதும் குஞ்சர்தான். மற்றவை சுடும், இது திரும்பிப் பாராமல், சந்தைக்குப் போகும் வண்டிமாட்டின் நிதானத்தில் நடக்கும்.

பீரங்கி இல்லை என்ற இந்த ஒரு செய்தியால் அடைக்கலராஜுக்கு ஆறாண்டுகளாக மாமனார் இல்லாமல் போனார்.

காரைக்கால் நகரத்துப் பிள்ளையான அவன், குஞ்சர் முதன்முதலாக நங்கூரம் தூக்கிய நாளிலிருந்தே அதன் பின்தளத்தில் நின்றவன். வடம் அவன் பொறுப்பு. 1979இல் அவனுக்குக் கோட்டுச்சேரிமேட்டில் பெண் பேசியவர் கோயில் உபதேசியார் சந்தனசாமி. “பையன் போர்க்கப்பல்ல இருக்கான்” என்று மட்டும் அவர் சொன்னார். அதில் பொய் ஏதுமில்லை. கடற்படைக் கப்பல் எல்லாம் அவருக்குப் போர்க்கப்பல்தான். பெண்ணின் தகப்பனார் சூசைராஜ் படகுக்காரர், ஊரில் வாக்குள்ளவர். அவர் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுபோய்ப் பீரங்கி ஒன்றை வார்த்தெடுத்தார். “எம் மருமவன் நிக்கிற எடத்துக்கும் பீரங்கிக்கும் ரெண்டு முழந்தான் தூரம்” என்று மீன் ஏலம் போடும் இடத்தில் நின்று அறிவித்தார். திருமணம் சிறப்பாக நடந்தது.

மறு மாதம் புதுப்பெண் சலோமி கணவனின் கப்பல் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, பெருமையோடு பிறந்த வீட்டுக்குக் கொண்டு வந்தாள். தெருவே கூடிப் பீரங்கியைத் தேடியது. சூசைராஜின் படகில் இயந்திரம் ஓட்டுகிற நூகு படத்தின்மேல் விரலை நகர்த்தி நகர்த்திக் கேட்டார்.

“இதுவாம்மா?”

“அது கொக்கி, பாய்.”

“அப்ப இது?”

“வடம் சுத்துற உருளை.”

“இந்தா, குழாயா நீட்டிக்கிட்டு இருக்கே?”

“அது பொகைபோக்கி.”

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். “அப்ப இது கடல்ல ஓடுற மாட்டுவண்டி” என்றது ஒரு குரல். சூசைராஜ் எழுந்து வெளியே போய்விட்டார். அன்றைக்குப் பிறகு அவர் வாயில் ‘மாப்பிள்ளை’ என்ற சொல் வரவில்லை. ‘அந்தக் கப்பல்காரர்’ என்பார். அதையும் அவனிடம் நேரே சொல்லமாட்டார். பேரனுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது கோயிலின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர் முடியுமுன் எழுந்துபோனார். சலோமி கோபப்பட்டாள், அழுதாள், பிறகு வழக்கமாக்கிக்கொண்டாள். அடைக்கலராஜால் வழக்கமாக்கிக்கொள்ள முடியவில்லை. தகப்பனில்லாமல் வளர்ந்தவன் அவன். அவனுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல். அது அந்த மனிதரின் வாயிலிருந்து வரவேண்டும்.

1985, தை மாதம். கொச்சியிலிருந்து விசாகப்பட்டினம் திரும்பிக்கொண்டிருந்த குஞ்சர், காரைக்காலுக்குக் கிழக்கே முப்பது மைலில் ஒரு விசைப்படகைக் கண்டது. துடுப்பின் நுனியில் கட்டிய சட்டை ஆடிக்கொண்டிருந்தது. தொலைநோக்கியில் பார்த்த அடைக்கலராஜுக்குப் படகின் நீலப் பட்டையைக் கண்டதுமே தெரிந்துவிட்டது. படகின் மூக்கான முன்னணியத்தில் இடுப்பில் கை வைத்து நின்றவர் சூசைராஜ்.

“யார்?” என்று இந்தியில் கேட்டார் கப்பல் தலைவர் பருவா. அசாமியர், குள்ளமான, சிரித்த முகத்துக்காரர், சட்டப் புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர்.

“எங்க ஊர்ப் படகு, சார்” என்றான் அடைக்கலராஜ். அதற்குமேல் சொல்ல அவனுக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

படகைத் தள்ளும் விசிறியின் சுழலித்தண்டு ஒடிந்து இரண்டு இரவுகள் ஆகியிருந்தன. ஆறு பேர். தண்ணீர் தீர்ந்துவிட்டது. அவர்களைக் கப்பலுக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்றார் பருவா. ஐந்து பேரும் சூசைராஜின் முகத்தைப் பார்த்தார்கள். சூசைராஜ் படகின் பலகையை ஒருமுறை தட்டிக்காட்டினார். இதை விட்டு நகரமாட்டேன் என்று பொருள். ஆகவே தண்ணீரும் ரொட்டியும் கயிற்றில் இறங்கின.

மூவாயிரம் டன்னை இழுக்கும் வடத்தை அந்த மரப்படகில் கட்டினால் வடத்தின் கனமே படகின் மூக்கை நீரில் அழுத்திவிடும். அடைக்கலராஜ் மெல்லிய நைலான் கயிறு ஒன்றைத் தேர்ந்தான். நடுவில் இரண்டு பழைய லாரி டயர்களைக் கோத்தான். அலை வெட்டி இழுக்கும்போது டயர் நீண்டு கொடுக்கும். படகின் மரத்துக்கு நோவு வராது. முதல் வீச்சிலேயே கயிற்றுமுனை சூசைராஜின் கைக்குள் போய் விழுந்தது. அவர் கயிற்றைப் பார்த்தார். பிறகு எறிந்தவனைப் பார்த்தார். பிறகு நூகு பக்கம் திரும்பினார். இருவருக்கும் இடையே பதினைந்து முழம்கூட இல்லை.

“நூகு! முன்கட்டையில கட்டவான்னு அந்தக் கப்பல்காரரக் கேளு.”

“தம்பி, முன்கட்டையில கட்டவான்னு கேக்குறாங்க.”

“வேணாம் பாய். முன்கட்டை பிஞ்சுக்கிட்டு வந்துடும். படகு உடம்பைச் சுத்திக் கட்டச் சொல்லுங்க.”

“மொதலாளி, உடம்பச் சுத்தி...”

“கேட்டிச்சு. எனக்குக் காது இருக்கு.”

“காது இருக்குறவங்க எதுக்கு என்னைய நடுவுல போட்டு வதைக்கிறீங்க? ரெண்டு நாளாத் தண்ணியில்லாத தொண்டை இது!”

தளத்தில் இருந்த தமிழ் மாலுமிகள் இருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். சூசைராஜ் குனிந்து கயிற்றைப் படகின் உடம்பைச் சுற்றிக் கட்டலானார்.

எட்டு மணி நேரம், நடக்கிற வேகத்தில், குஞ்சர் அந்தப் படகை இழுத்தது. ஒன்பதாயிரம் குதிரைகளின் பலம் கொண்ட கப்பல் அன்றைக்குக் கன்றுக்குட்டியை ஓட்டிப்போவதுபோல் போயிற்று. அடைக்கலராஜ் பின்தளத்தை விட்டு அகலவில்லை. கயிறு விறைத்தால் நீட்டினான், தொய்ந்தால் இழுத்தான். ஒவ்வொரு முறையும் படகின் முன்னணியத்தில் ஒரு தலை நிமிர்ந்து அவன் கையைப் பார்த்தது. கடலில் ஐம்பது வருடம் கழித்த மனிதருக்கு அந்தக் கைகள் என்ன செய்கின்றன என்பதை யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் பேச வேண்டியதை நூகுவிடமே பேசினார்.

மாலையில் கரைக்கு மூன்று மைலில் குஞ்சர் நங்கூரமிட்டது. ஊர்ப் படகுகள் எதிர்வந்து கயிற்றை வாங்கிக்கொண்டன. தெற்கிலிருந்து வேறொரு கப்பல் இழுத்து வரும் இலக்குத் தெப்பம் ஒன்றை மறுநாள் நண்பகலில் அதே இடத்தில் பொறுப்பேற்கும்படி வானொலியில் உத்தரவு வந்திருந்ததால், கப்பல் அதுவரை அங்கேயே நிற்க வேண்டியிருந்தது. விலகிப் போகும் படகிலிருந்து நூகு கையைக் குவித்துக் கத்தினார்:

“தம்பி! நாளைக் காலையில வடச்சோறு! மொத்தம் எத்தனை தலைன்னு மொதலாளி கேக்குறாங்க!”

அடைக்கலராஜ் கம்பியோரம் ஓடினான். “அறுபத்திரண்டு பாய்!” என்று கத்தியபிறகுதான் தான் சொன்னதன் விளைவை நினைத்தான்.

கோட்டுச்சேரிமேட்டில் ஒரு வழக்கம் இருந்தது. நடுக்கடலில் நின்றுபோன படகை இன்னொரு படகு இழுத்து வந்தால், அதற்கு வாயால் நன்றி சொல்வது அவமதிப்பு. இழுத்தவர்கள் அனைவருக்கும் இழுக்கப்பட்டவர் மறுநாள் பொழுது சாய்வதற்குள் தன் கையால் சோறு போடவேண்டும். அதுதான் வடச்சோறு. அது முடியும்வரை மீட்கப்பட்ட படகு கரையைப் பார்த்தபடியே நிற்கும், கடலைப் பார்க்காது. சோறு மறுக்கப்பட்டால் படகு இழுத்தவருடையது என்பது பேச்சு. அப்படிப்பட்ட படகில் ஏற எந்த வீட்டு ஆணும் வரமாட்டான்.

பருவாவிடம் இதை விளக்க அடைக்கலராஜுக்குக் கால்மணி நேரம் பிடித்தது. அவர் கவனமாகக் கேட்டார். பிறகு வருத்தத்தோடு தலையசைத்தார்.

“உயிரைக் காப்பாற்றியதற்குக் கடற்படை எதையும் வாங்குவதில்லை. போன வருடம் அந்தச் சரக்குக் கப்பல்காரன் அனுப்பிய பழக்கூடையைக்கூடத் திருப்பி அனுப்பினேன், நினைவிருக்கிறதா? என்ன சமைக்கிறார்களாம்?”

“மீன்குழம்பு சார். வஞ்சிரம்.”

பருவா உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். “என்னிடம் அதைச் சொல்லியிருக்கக்கூடாது” என்றார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கரையிலிருந்து பதினொரு படகுகள் புறப்பட்டு வந்தன. நடுப்படகுகளில் வெள்ளைத் துணியால் வாய் கட்டிய அண்டாக்கள் வெயிலில் மின்னின. ஒரு படகு நிறையத் திருநள்ளாற்றுக் கடைத்தெருவிலிருந்து விடியுமுன் வாங்கி வந்த வாழையிலைக் கட்டுகள். முதல் படகில் சூசைராஜ் சலவை வேட்டியோடு நின்றார். அவருக்குப் பின்னால் சலோமி உட்கார்ந்திருந்தாள். பெண்பிள்ளை படகேறக்கூடாது என்று கரையில் இரண்டு பேர் தடுத்திருக்கிறார்கள். “நான் மீன் புடிக்கவா போறேன்? எம் புருஷன் வேலை பாக்குற எடத்தப் பாக்கப் போறேன். ஒங்க பொஞ்சாதிங்க ஏலம் போடுற எடத்துக்கு வர்றதில்லையா?” என்று கேட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தவள், அலையில் முகம் வெளிறி, இரண்டு கையாலும் அண்டாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் கப்பல் நெருங்க நெருங்க அவள் கண் அகன்றுகொண்டே போயிற்று.

“என்னங்க இது, இம்மாம் பெருசா இருக்குது! படத்துல தீப்பெட்டியாட்டம் இருந்துச்சே!” என்று மேலே பார்த்துக் கூவினாள்.

காற்று கரையிலிருந்து வீசிற்று. வஞ்சிரக் குழம்பின் மணமும் சுறாப்புட்டின் மணமும் தளத்துக்கு ஏறின. பஞ்சாபிகளும் மலையாளிகளும் வங்காளிகளுமாக அறுபது பேர் யாரும் அழைக்காமலே கம்பியோரம் வந்து நின்றுவிட்டார்கள். பருவா தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்வந்தார். அடைக்கலராஜ் நடுவில் நின்றான். இன்றைக்கு நூகுவின் வேலை அவனுக்கு வந்து சேர்ந்திருந்தது.

“அவர்களுக்கு வணக்கம் சொல். எங்களால் ஏற்க முடியாது என்று சொல்.”

அவன் சொன்னான். சூசைராஜ் முகம் சிவந்தது. அவர் நூகுவைப் பார்த்துப் பேசினார். குரல் மட்டும் கப்பல் முழுக்கக் கேட்டது.

“நூகு! சோறு வேணாம்னா படகையும் அவங்களே இழுத்துக்கிட்டுப் போகச் சொல்லு! ஆறு குடும்பத்தையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போவட்டும்!”

அடைக்கலராஜ் ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தான். பருவா மோவாயைத் தடவினார். அவருடைய மூக்கு அவரையும் மீறி ஒருமுறை விரிந்து சுருங்கியது.

“மீட்கப்பட்டவரிடம் நான் எதையும் வாங்கக்கூடாது” என்றார் மெதுவாக. “ஆனால் அதே புத்தகத்தில் இன்னொரு பக்கம் இருக்கிறது. கப்பல் நங்கூரத்தில் நிற்கும்போது, தலைவரின் அனுமதியோடு, மாலுமியின் உறவினர்கள் வந்து பார்க்கலாம். வீட்டுச் சாப்பாடு கொண்டுவரலாம். எவ்வளவு சாப்பாடு என்று எழுதியிருப்பதாக எனக்கு நினைவில்லை. இங்கே யாராவது உறவினர் உண்டா?”

அவன் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் சலோமி கையைத் தூக்கிவிட்டாள். “நான் இருக்கேன்! பொண்டாட்டி!”

“பார்க்கிறேன். ஆனால் எட்டு அண்டாவும் ஒரு மனைவி கொண்டுவந்ததாக நான் எழுத முடியாது. படகுக்காரர் உனக்கு யார்?”

அடைக்கலராஜ் கீழே படகைப் பார்த்தான். ‘என் மாமனார்’ என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஏணி இறங்கிவிடும். ஆனால் அப்படி இழுத்து வாங்கிக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை. வாழ்நாள் முழுவதும் இழுத்தவன் இந்த ஒன்றை மட்டும் இழுக்க விரும்பவில்லை.

“அத அவங்கதான் சார் சொல்லணும்” என்றான். கேள்வியைத் தமிழில் திருப்பினான்: “நீங்க எனக்கு யாருன்னு கேக்குறாங்க.”

பதினொரு படகிலும் தலைகள் சூசைராஜ் பக்கம் திரும்பின. படகுகள் கப்பலின் உடம்பில் மெல்ல மோதிக்கொண்டிருந்தன. சலோமி தகப்பனைப் பார்க்காமல் அண்டாவின் துணி முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மொதலாளி” என்றார் நூகு தாழ்ந்த குரலில். “ஒரு வார்த்தைதான். சோறு ஆறுது.”

“நூகு, அந்தக் கப்பல்...” என்று தொடங்கிய சூசைராஜ் நிறுத்தினார். தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். தேவைக்கு மேல் நேரம் துடைத்தார். பிறகு தலையை நிமிர்த்தி, நூகுவைக் கையால் ஓரம் தள்ளிவிட்டு, மேலே பார்த்து, ஏலம் போடும் குரலில் கூவினார்:

“மாப்பிள்ளை! ஏணிய எறக்குங்க மாப்பிள்ளை! எவ்வளவு நேரம் மாமனார வெயில்ல நிக்க வப்பீங்க?”

சுற்றி நின்ற படகுகளில் எழுந்த கூச்சலுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. பருவா ஏணிக்குக் கைகாட்டியபடியே காகிதத்தை எடுத்தார். “அடைக்கலராஜின் உறவினர் வருகை. மொத்தம்?”

“முப்பத்தொன்பது பேர், சார்.”

“எல்லோரும் உறவினரா?” அவர் பார்வை நூகுவின் தொப்பிமேல் நின்றது.

“அவங்க சின்ன மாமா சார்” என்றான் அடைக்கலராஜ். “ஆறு வருஷமா எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்தவங்க.”

பின்தளத்தில் உருளைக்கும் கொக்கிக்கும் இடையே இலைகள் விரிந்தன. இயந்திர அறைக்காரன் வடத்தைத் தொடவில்லையே என்று ஒருவன் தயங்க, “எஞ்சின் ஓட்டுனவனும் இழுத்தவந்தான், ஆக்கிப்போட்டவனும் இழுத்தவந்தான், உக்காருங்க” என்று சூசைராஜ் தோளை அழுத்தி உட்காரவைத்தார். மீன் தொடாத நான்கு பேருக்கு நெடுங்காட்டுக் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு தனியே வந்திருந்தது. அது சலோமியின் முன்யோசனை. லூதியானாக்காரன் ஒருவன் சோற்றை இலையிலிருந்து ஓடவிடாமல் பிடிக்கப் பட்ட பாட்டைப் பார்த்து நூகு சிரித்துச் சிரித்து இருமினார். பருவா முதலில் நின்றுகொண்டு சுவை பார்த்தார், பிறகு உட்கார்ந்தார், பிறகு மூன்றாம் முறை குழம்பு கேட்டார். “பிரம்மபுத்திராவில் இப்படி முள்ளில்லாத மீன் கிடையாது” என்றார். சூசைராஜ் பதிலுக்கு இன்னொரு துண்டு வைத்தார்.

பரிமாறும் நேரத்திலும் அவர் கண் சும்மா இருக்கவில்லை. உருளையைத் தட்டினார், கொக்கியை அசைத்துப் பார்த்தார், சுருட்டிவைத்த பெருவடத்தின்மேல் உள்ளங்கையை வைத்து, அதன் பருமனுக்குத் தன் கை போதாமையைக் கண்டு, யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டார்.

வடச்சோற்றுக்கு ஒரு முடிவும் உண்டு. முதல் கயிற்றை எறிந்தவன் கடைசியில் உட்கார்ந்து, வயிறு நிறைந்து, ‘போதும்’ என்று சொல்லவேண்டும். அந்தச் சொல் விழுந்தால்தான் படகைக் கடலுக்குத் திருப்பலாம். அடைக்கலராஜ் உட்கார்ந்தான். எதிரே சூசைராஜ் குந்தியிருந்து தன் கையால் சோறு வைத்தார்.

“இந்த டயர் வித்தைய எங்க கத்துக்கிட்டீங்க மாப்பிள்ளை?”

“அந்தமான்ல மாமா. நீர்மூழ்கிய இழுத்தப்ப.”

“ஒம்பது நாளுன்னு சலோமி சொன்னா. தூங்குனீங்களா இல்லையா?”

அவன் சொன்னான். அவர் கேட்டார். சோறு தீர்ந்தது, அவர் வைத்தார். மூன்று பௌர்ணமிக் கதை பாதி வந்தபோது மீண்டும் வைத்தார். ஆறு வருடத்துப் பேச்சு ஒரே இலையில் வந்து குவிந்துகொண்டிருந்தது. அவன் வயிறு எப்போதோ நிறைந்துவிட்டது. ஆனால் வாய் அந்தச் சொல்லைச் சொல்ல மறுத்தது. சொன்னால் அவர் எழுந்துவிடுவார்.

தெற்கே அடிவானத்தில் தெப்பத்தின் புள்ளி தெரிந்தது. பருவா கடிகாரத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். சலோமி குனிந்து, “என்னங்க, வயிறு வெடிச்சிடப் போவுது, போதும்னு சொல்லித் தொலைங்களேன்” என்று முணுமுணுத்தாள்.

“நூகு பாய்” என்றான் அடைக்கலராஜ் இலையிலிருந்து தலையைத் தூக்காமல். “சுழலித்தண்டு புதுசா வர எத்தனை நாளாவும்?”

“நாகப்பட்டினத்துல கடைஞ்சு வாங்கணும் தம்பி. எப்படியும் ரெண்டு வாரம்.”

“அப்ப ரெண்டு வாரத்துக்குப் படகு கரையிலதானே நிக்கும்?”

“பின்ன, தண்டு இல்லாமப் பறக்கவா செய்யும்?”

அடைக்கலராஜ் இலையை மடிக்காமல் அப்படியே எழுந்தான். “எனக்குப் பதினஞ்சாம் நாள் லீவு மாமா. மிச்சத்த அங்க வந்து சாப்புடுறேன். போதும்ங்கறத ஒங்க வீட்டுல உக்காந்துதான் சொல்லுவேன்.”

தளத்தில் தமிழ் தெரிந்தவர்கள் கைதட்டினார்கள். தெரியாதவர்கள் காரணம் கேட்டுவிட்டுத் தட்டினார்கள். சூசைராஜ் கரண்டியை உயர்த்திப் பிடித்தபடி அவனையே பார்த்தார்.

“வராம இருந்துட்டீங்கன்னா?”

“படகு என்னோடதாயிடும்.”

“அடிச் சக்கை! கேட்டியா நூகு? நேத்து வரைக்கும் வாய் இருக்கான்னே தெரியாது இவங்களுக்கு!”

“தெரியும் மொதலாளி. அது என் வழியா வந்துக்கிட்டு இருந்துச்சு” என்றார் நூகு.

வெற்று அண்டாக்கள் இறங்கின. சலோமி ஏணியில் பாதி இறங்கியவள் மறுபடி ஏறிவந்து, வடத்தை ஒருமுறை தொட்டுப்பார்த்துவிட்டுப் போனாள். குஞ்சரின் நங்கூரச் சங்கிலி கடகடவென்று மேலேறத் தொடங்கியது. விலகும் படகில் திரும்பி நின்ற சூசைராஜின் குரல் இயந்திரச் சத்தத்தை மீறி, யாருடைய துணையுமின்றி நேரே வந்து சேர்ந்தது:

“மாப்பிள்ளை! வரும்போது வயித்தக் காலியா வச்சுக்கிட்டு வாங்க!”